முதல் அரைத் தானியங்கி ஷாட்கன்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

அரைத் தானியங்கி ஷாட்கனை (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும், ரவைத் தோட்டாத் துப்பாக்கி) முதன்முறையாக வாங்கப்போகிறவரின் கையில் பெரும்பாலும் இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஒன்றில் வாங்க நினைக்கும் துப்பாக்கிகள். மற்றதில் வாங்கியவுடன் பொருத்த நினைக்கும் உதிரிபாகங்கள். இரண்டாவதுதான் எப்போதும் நீளமானது. அதை இப்போதைக்கு மடித்து வைத்துவிடுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் அந்தத் துப்பாக்கி எப்படி இயங்குகிறது என்று தெரியாதவரை, எது குறை, எது உங்கள் பழக்கமின்மை என்று பிரித்தறிய முடியாது.

படி 1: சட்டத்தைப் படித்துவிடுங்கள்

உரிமம் பெறுவதோடு இது முடிவதில்லை. குழலின் குறைந்தபட்ச நீளம், எத்தனை தோட்டாக்கள் நிரப்பலாம், தோளில் ஊன்றும் கட்டை மடக்கக்கூடியதாக இருக்கலாமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும்; வேட்டைக்கும் போட்டிக்கும்கூட மாறும். உதாரணமாக, அமெரிக்காவில் வலசைப் பறவைகளை வேட்டையாடும்போது ஷாட்கன் மொத்தம் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளக்கூடாது. அதற்காகவே, குழலுக்குக் கீழே தோட்டாக்களை வரிசையாக நிரப்பும் தோட்டாக் குழாய்க்குள் ஒரு அடைப்புக் குச்சி வைக்கிறார்கள். கடைக்காரர் விற்கிறார் என்பதற்காக ஒரு பாகத்தைப் பொருத்துவது சட்டப்படி சரியாகிவிடாது. சந்தேகம் இருந்தால் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 2: எப்படி இயங்குகிறது என்று தெரிந்து வாங்குங்கள்

இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. எந்த மாற்றம் ஒத்துவரும், எது ஒத்துவராது என்பதை இந்த வேறுபாடே தீர்மானிக்கிறது.

முதல் வகை வாயுவால் இயங்குவது. 1963இல் வந்த ரெமிங்டன் 1100 இதன் புகழ்பெற்ற உதாரணம். தோட்டா வெடிக்கும்போது எழும் வாயுவில் சிறு பகுதி, குழலிலுள்ள துளைகள் வழியாக வந்து ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. அது, குழலின் பின்புறத்தை மூடியிருக்கும் போல்ட்டைப் பின்னோக்கி நகர்த்துகிறது. இந்த வகையில் உதை மென்மையாகத் தெரியும். ஆனால் பிஸ்டனைச் சுற்றிக் கரி படியும். சுத்தம் செய்யச் சோம்பல்படுபவருக்கு இது ஒத்துவராது.

இரண்டாவது வகை நிலைமத்தால் இயங்குவது. பெனெல்லி துப்பாக்கிகளால் பரவலாக அறியப்பட்டது. சுட்டவுடன் துப்பாக்கி முழுவதும் பின்னோக்கி நகர்கிறது; கனமான போல்ட் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அந்த நொடியில் உள்ளே ஒரு வலுவான சுருள்வில் அழுந்துகிறது; அது விரியும்போது போல்ட் பின்னால் பாய்கிறது. உள்ளே கரி குறைவு, பாகங்களும் குறைவு. ஆனால் துப்பாக்கி நகர்ந்தால்தான் இது வேலை செய்யும். விளக்கு, தோட்டாப் பட்டை, நீட்டித்த குழாய் என்று எடையைக் கூட்டிக்கொண்டே போனால் துப்பாக்கி நகர்வது குறையும். இலேசான தோட்டாக்களில் போல்ட் பாதியில் நின்றுவிடலாம். பிறகு துப்பாக்கியைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழைய துப்பாக்கி வாங்குபவருக்கு ஒரு வார்த்தை. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1902 முதல் பெல்ஜியத்தில் தயாரான ஆட்டோ-5 வேறு முறையில் இயங்குகிறது: அதில் குழலே பின்னோக்கி நகரும். உள்ளே இருக்கும் உராய்வு வளையங்களைத் தோட்டாவின் வலுவுக்கு ஏற்ப மாற்றி அடுக்க வேண்டும். கனமான தோட்டாவை இலேசான அமைப்பில் சுட்டால் ரெசீவர் (போல்ட் இயங்கும் உடற்பகுதி) அடிபட்டுக்கொண்டே இருக்கும். அழகான துப்பாக்கிதான், முதல் துப்பாக்கியாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கும்போதே, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடமான தோட்டா அறையின் நீளத்தையும் கவனியுங்கள். 70, 76, 89 மில்லிமீட்டர் என மூன்று அளவுகள் உண்டு. தோட்டாவின் நீளம் என்று அச்சிடப்பட்டிருப்பது, மடித்து மூடிய அதன் வாய் சுட்டபின் விரிந்த நிலையிலுள்ள நீளம். ஆகவே சுடாத 76 மில்லிமீட்டர் தோட்டா 70 அறைக்குள் சாதாரணமாக நுழைந்துவிடலாம். சுட்டால் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். குழலில் பொறித்திருப்பதைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள். அதேபோல 12 அளவுத் (கேஜ்; எண் சிறிதானால் குழல் பெரிது) துப்பாக்கி வைத்திருக்கும் இடத்தில் 20 அளவுத் தோட்டாவை வைக்காதீர்கள். அது உள்ளே வழுக்கிப்போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். அதன்பின் ஒரு 12 தோட்டாவை நிரப்பிச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 அளவுத் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவது இந்தக் குழப்பத்தைத் தடுக்கத்தான்.

படி 3: உடலுக்குப் பொருத்துங்கள்

என் பார்வையில், புதியவர் தன் துப்பாக்கிக்குச் செய்ய வேண்டிய முதல் மாற்றம் இதுதான். பலருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதும் இல்லை. பெரும்பாலான ஷாட்கன்களில் பின்குறி (குறிபார்க்கக் கண்ணருகே இருக்கும் அமைப்பு) கிடையாது. பின்குறியின் வேலையை உங்கள் கண்ணே செய்கிறது. கன்னம் கட்டையில் எங்கே அமர்கிறதோ அதைப் பொறுத்தே ரவைகள் போகும் இடம் மாறும்.

முதலில் தோட்டா இல்லை என்று உறுதி செய்யுங்கள். தோட்டாக் குழாயை முழுவதும் காலி செய்து, போல்ட்டைத் திறந்து, அறையையும் குழாயின் வாயையும் கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பாருங்கள். குழாயில் ஒரு தோட்டா மறைந்திருந்தால், போல்ட் மூடும்போது அது தானாகவே அறைக்குள் ஏறிவிடக்கூடும். அரைத் தானியங்கித் துப்பாக்கியில் மறக்கவே கூடாத விஷயம் இது.

இப்போது பாதுகாப்பான திசையில் குழல் இருக்க, கண்களை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றுங்கள். பிறகு திறந்து பாருங்கள். கண் நேராகக் குழலின் மேற்பட்டையை ஒட்டி முன்குறியைப் பார்க்க வேண்டும். பட்டையே தெரியாமல் ரெசீவரின் பின்பக்கம் மட்டும் தெரிந்தால் கட்டை தாழ்வு. பட்டை நெடுநீளமாக மேலிருந்து தெரிந்தால் கட்டை உயரம். மூக்குக்கும் கட்டை விரலுக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கடை இடைவெளி இருந்தால் நீளம் ஏறக்குறைய சரி. தடித்த மேலங்கி அணிந்து சுடுவீர்களானால் அதை அணிந்தபடியே சோதியுங்கள். இல்லாவிட்டால் கட்டை நீளமாகத் தோன்றும்.

பல புதிய துப்பாக்கிகளுடன் ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளும் நீளத்தைக் கூட்டும் துண்டுகளும் பெட்டியிலேயே வருகின்றன. அவற்றைத் திறந்துகூடப் பார்க்காமல் வெளியில் விலைகொடுத்து வேறு கட்டை வாங்குவது வீண்செலவு. சுமார் 15 மீட்டர் தொலைவில் ஒரு காகிதத்தில் புள்ளி வைத்து, குறிபார்த்துக்கொண்டிருக்காமல் வேகமாகத் தோளில் ஏற்றிச் சில முறை சுடுங்கள். ரவைகளின் மையம் எப்போதும் ஒரே பக்கம் விலகினால், கட்டையில் ஒன்றரை மில்லிமீட்டர் மாற்றம் அந்த மையத்தை ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நகர்த்தும் என்று கணக்கிட்டுத் தகட்டைத் தேர்ந்தெடுக்கலாம்.

படி 4: சுடுங்கள்

புதிய துப்பாக்கியின் சுருள்விற்கள் இறுக்கமாக இருக்கும். கையேடு முதலில் சற்று வலுவான தோட்டாக்களைச் சுடச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். 24 கிராம் ரவை கொண்ட இலேசுத் தோட்டாவில் முதல் நாளே சிக்குகிறது என்பதற்காக மெல்லிய சுருள்வில் வாங்க ஓடாதீர்கள். குறிப்பாக 89 மில்லிமீட்டர் அறை கொண்டவை இலேசான தோட்டாக்களில் அடம்பிடிப்பது சாதாரணம்.

அடுத்தது சோக். குழலின் வாயில் திருகிப் பொருத்தும் இந்தச் சிறு குழாய்தான் ரவைகள் எவ்வளவு விரியும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. 12 அளவில், பொதுவான மூன்று சோக் வகைகளில் இம்ப்ரூவ்டு சிலிண்டர் சுமார் கால் மில்லிமீட்டர், மாடிஃபைடு அரை மில்லிமீட்டர், ஃபுல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் சுருக்கம் கொண்டவை. வழக்கமான சோதனை இது: 36 மீட்டரிலிருந்து பெரிய காகிதத்தில் சுட்டு, ரவைகள் அடர்ந்த இடத்தைச் சுற்றி 76 சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டம் வரைந்து, வட்டத்துக்குள் எத்தனை சதவீதம் விழுந்தன என்று எண்ணுவது. இந்த மூன்றுக்கும் முறையே சுமார் 50, 60, 70 சதவீதம் எதிர்பார்க்கலாம். ஒரு காகிதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். தோட்டாவின் பிராண்டை மாற்றினாலே முடிவு மாறும். அதைப் பார்த்தபின் விலையுயர்ந்த சோக் வாங்கும் ஆசை பலருக்குத் தணிந்துவிடுகிறது.

சோக் இல்லாமல் ஒருபோதும் சுடாதீர்கள், திருகுமரை கெட்டுவிடும். எஃகு ரவைகளை ஃபுல் சோக்கில் சுடாதீர்கள்; எஃகு ஈயத்தைப்போல நசுங்காது. ஒரு நிறுவனத்தின் சோக் மற்றொன்றின் குழலில் பொருந்தாது; ஒரே நிறுவனத்திலேயே பல மரை வகைகள் உண்டு.

படி 5: இனி மாற்றலாம்

சுட்டுப் பழகிய பிறகும் குறையாகத் தெரிவதை மட்டும், ஒருநேரத்தில் ஒன்றாக மாற்றுங்கள். தோள் வலித்தால் மென்மையான ரப்பர் திண்டு. கையுறையோடு சுடுபவருக்குப் பெரிய போல்ட் பிடியும், போல்ட்டை விடுவிக்கும் பெரிய பொத்தானும் உதவும். இடக்கையருக்கு, பாதுகாப்புப் பொத்தானைத் திருப்பிப் பொருத்தும் வசதி பல மாடல்களில் உண்டு. இவை எல்லாம் வேண்டாமென்றால் திரும்பக் கழற்றக்கூடியவை. அதனாலேயே எனக்கு இவற்றின்மேல் தயக்கம் இல்லை.

நீட்டித்த தோட்டாக் குழாய் சட்டம் அனுமதித்தால் மட்டும். துப்பாக்கியின் முன்பக்கம் கனக்கும். படி 2இல் சொன்ன நிலைம வகையின் சிக்கலும் இங்கேதான் தலைகாட்டும். பல துப்பாக்கிகளில் குழாயின் மூடிதான் குழலையும் பிடித்து வைத்திருக்கிறது. புதிய மூடி தளர்கிறதா என்று சில தோட்டாக்களுக்கு ஒருமுறை பாருங்கள்.

படி 6: கைவைக்கக் கூடாதவை

விசையை இலேசாக்குவது புதியவரின் வேலை அல்ல. சுத்தியலைப் பிடித்து வைக்கும் விளிம்புகளை அரம் போட்டுத் தேய்த்தாலோ சுருள்வில்லை வெட்டினாலோ, போல்ட் மூடும் அதிர்விலேயே துப்பாக்கி தானாகச் சுட்டுவிடலாம். ஒரு அழுத்தலுக்கு இரண்டு தோட்டாக்கள் போகலாம். பல ஷாட்கன்களில் பாதுகாப்புப் பொத்தான் விசையை மட்டுமே தடுக்கிறது, உள்ளிருக்கும் சுத்தியலை அல்ல என்பதால் அது உங்களைக் காப்பாற்றாது. வாயுத் துளைகளைப் பெரிதாக்குவதும் அப்படித்தான்: இன்று இலேசுத் தோட்டா ஓடும், நாளை கனமான தோட்டா போல்ட்டை ரெசீவரின் பின்சுவரில் மோதவிடும். குழலை அறுப்பது பல நாடுகளில் நேரடியான குற்றம். குழலில் ஓட்டைகள் போடுவது குற்றமில்லாத இடத்திலும், சத்தம் கூடும், திரும்ப அடைக்க முடியாது, கிடைக்கும் பயனோ சொற்பம்.

படி 7: ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும்

முதலில் போலித் தோட்டாக்களை நிரப்பிக் கையால் போல்ட்டை இழுத்து, ஏறுவதும் வெளியேறுவதும் சரியா என்று பாருங்கள். பாதுகாப்புப் பொத்தானைப் போட்டு விசையை அழுத்திப் பாருங்கள். பிறகு சுடுதளத்தில் ஒரே ஒரு தோட்டா. அது சரியென்றால் இரண்டு. அதன் பின்னரே முழுக் குழாய். எந்த நாளில், எந்தத் தோட்டாவில், எது சிக்கியது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். சிக்கல் வந்தால் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் முதலில் கேட்பது அதைத்தான். கழற்றிய அசல் பாகங்களைப் பெயரெழுதிய உறையில் போட்டுப் பெட்டியிலேயே வையுங்கள். உத்தரவாதத்துக்கு அனுப்பும்போதும், துப்பாக்கியை விற்கும்போதும் அவை தேவைப்படும்.