குட்டி டிஸ்கஸ் ஒளிந்துகொண்டு பட்டினி கிடக்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வந்த டிஸ்கஸ் என்ற அலங்கார மீனின் குட்டிகள் உடல் கறுத்து, ஹீட்டருக்குப் பின்னால் மூலையில் முடங்கி நிற்பதும், உணவு போட்டால் திரும்பிக்கூடப் பார்க்காததும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு இயல்புதான். தண்ணீர் சரியாக இருந்தால் இந்தப் பட்டினியை அவை தாங்கிக்கொள்ளும். கெடுதல் பெரும்பாலும் நம் பதற்றத்தால்தான் வருகிறது. இரண்டாம் நாள் உணவை மாற்றுகிறோம், மூன்றாம் நாள் மருந்து ஊற்றுகிறோம், நான்காம் நாள் கட்டை, செடிகளை எல்லாம் இடம் மாற்றுகிறோம். மீனுக்குக் கொஞ்சம் பழகிய இடம் ஒவ்வொரு முறையும் மறுபடி அந்நியமாகிவிடுகிறது.

பையைத் திறக்கும்போதே தொடங்கும் தவறு

நீண்ட தூரம் பையில் வந்த மீனை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்குவது நல்லது என்றே பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது ஆபத்து. பயணத்தில் மீன் வெளிவிடும் கரியமில வாயு பைத் தண்ணீரின் பிஎச்-ஐ (அமில-காரத் தன்மையின் அளவு) குறைத்துவிடும். அதனால் மீன் கழிவிலிருந்து அங்கே சேர்ந்திருக்கும் அம்மோனியா பெருமளவு நச்சுத்தன்மை குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி பிஎச் ஏறும், அம்மோனியாவும் நச்சு வடிவத்துக்கு மாறும். ஆகவே மூடிய பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துங்கள். பிறகு திறந்து, தாமதிக்காமல் மீனை மட்டும் தொட்டிக்கு மாற்றுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது. அன்று விளக்கும் வேண்டாம், உணவும் வேண்டாம்.

இரண்டு குட்டி மட்டும் வாங்குவது

டிஸ்கஸ் கூட்டமாக வாழும் மீன். இரண்டு மூன்று மட்டும் இருந்தால், வலுவானது மற்றதை ஓயாமல் விரட்டும். விரட்டப்பட்டது சாப்பிடவே வராது. குறைந்தது ஆறு, அதுவும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் விரட்டல் பலர் மேல் பங்கிடப்பட்டு எல்லோரும் பிழைப்பார்கள். ஆறு குட்டிகளுக்கு 200 முதல் 250 லிட்டர் போதும். வளர்ந்த பின் ஒரு மீனுக்கு 40 லிட்டர் என்று கணக்கு வையுங்கள்.

ஏஞ்சல் மீன்களையும் வேகமாக நீந்தும் பார்ப் வகைகளையும் கூடவே விடாதீர்கள். டிஸ்கஸ் நிதானமாகக் கொத்தித் தின்னும். மற்றவையோ, உணவு அதன் வாயருகே வரும் முன்பே காலி செய்துவிடும். புதிய மீன் எதுவானாலும் நான்கு வாரம் தனித் தொட்டியில் இருந்துவிட்டுத்தான் வர வேண்டும்.

தண்ணீர்

வெப்பநிலை 29 முதல் 30 டிகிரி செல்சியஸ். 26-க்கு இறங்கினால் செரிமானம் மந்தமாகிப் பசி போய்விடும். வெந்நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஏர் ஸ்டோன் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். புது ஃபில்டரில் இவற்றைச் சிதைக்கும் நன்மை தரும் பாக்டீரியா நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும், எனவே அதை முடித்த பிறகே மீன் வாங்குவது முறை. ஓடிக்கொண்டிருக்கும் நோயில்லாத தொட்டியிலிருந்து பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் கிடைத்தால் இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

பண்ணையில் பிறந்த டிஸ்கஸுக்கு அமேசான் ஆற்றின் அமிலத் தண்ணீர் தேவையில்லை. பிஎச் 6.5 முதல் 7.5-க்குள் நிலையாக நின்றாலே நிம்மதியாக வாழும். பிஎச்-ஐக் குறைக்கும் திரவத்தை ஊற்றி ஊற்றி எண்ணைத் துரத்துவதைவிட, குளோரின் நீக்கி, அதே வெப்பநிலைக்குக் கொண்டுவந்த தண்ணீரால் நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கை மாற்றுவது பல மடங்கு பலன் தரும்.

வைக்கும் இடமும் வெளிச்சமும்

ஆள் நடமாட்டம் ஓயாத வழியோரத்திலும், தரையை ஒட்டிய தாழ்ந்த மேசையிலும் தொட்டியை வைக்காதீர்கள். மேலிருந்து விழும் நிழல் டிஸ்கஸுக்குக் கொத்த வரும் பறவை போன்றது. தொட்டி நம் மார்பளவு உயரத்தில் இருந்தால் மீனின் பயம் பாதியாகும். பின்பக்கத்தையும் இரு ஓரங்களையும் வெளிர் நிறத் தாளால் மறையுங்கள்.

மணலில்லாத வெறும் தரை சுத்தம் செய்ய எளிது. ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டால் மீன் மிரளும், மறைவிடம் மிதமிஞ்சினால் வெளியே வரவே வராது. ஒரு மரக்கட்டை, சிறு சட்டியில் நட்ட ஒரு செடி, நடுவில் திறந்த வெளி: இவ்வளவு போதும். காலையில் முதலில் அறை விளக்கைப் போட்டு, கால் மணி நேரம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடுங்கள்.

உணவில் நடக்கும் தவறுகள்

விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அங்கே என்ன தின்றது என்பதுதான். அதையே முதல் வாரம் கொடுங்கள். அது தெரியாவிட்டால் உறைந்த ரத்தப்புழுவோ ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் இறாலோ நல்ல தொடக்கம். உருகவிட்டு, சல்லடையில் அலசி, ஒரு சிட்டிகை மட்டும், தினமும் ஒரே மூலையில் போடுங்கள். நீரோட்டம் உணவை அடித்துப்போனால் ஃபில்டரைப் பத்து நிமிடம் நிறுத்தலாம், ஆனால் திரும்ப ஓடவிட மறக்காதீர்கள். போட்டதும் இரண்டு மீட்டர் தள்ளிப் போய்விடுங்கள். கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் கூச்சமுள்ள குட்டி அசையவே அசையாது. கால் மணி நேரத்தில் தின்னாததைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அடுத்த வேளை அதே நேரத்தில் மறுபடி முயலுங்கள்.

உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவை மீன் ஆசையாகத் தின்னும். அது சாக்கடைச் சேற்றில் வளர்வது, குடலுக்கு நோயைக் கொண்டுவரும். எவ்வளவு பட்டினி கிடந்தாலும் அதை நாடாதீர்கள்.

பெல்லட் என்ற உருண்டைத் தீவனத்துக்கு மாற்ற, பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரும் முறை வளர்ந்த மீனுக்கு வேண்டுமானால் பொருந்தும். குட்டிக்கு அது வளர்ச்சியையே நிறுத்திவிடும். உடல் வட்டமாக வராமல் நீண்டு, கண் மட்டும் பெரிதாகத் தெரியும், பிறகு சரிசெய்ய முடியாது. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மென்மையான பெல்லட்டை நனைத்து, ரத்தப்புழுவோடு கொஞ்சமாகக் கலந்து, நாளுக்கு நாள் பங்கைக் கூட்டுங்கள். தின்னத் தொடங்கிய பின் ஒரே வேளையில் திணிக்காமல், நான்கைந்து வேளையாகச் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுங்கள்.

கூச்சமா, நோயா?

கூச்சம் என்றால் நாளுக்கு நாள் கொஞ்சமாவது குறையும். ஒரு வாரமாகியும் துளி மாற்றமில்லை, மலம் வெள்ளை நூல்போலத் தொங்குகிறது, நெற்றி ஒட்டிப்போய் மேல்முதுகு கத்தி முனைபோல் தெரிகிறது என்றால் குடல் ஒட்டுண்ணியைச் சந்தேகியுங்கள். ஒரு பக்கச் செவுளால் மட்டும் மூச்சுவிட்டால் செவுள் புழுவாக இருக்கலாம். அப்போதும் முதலில் அம்மோனியாவைச் சோதித்துவிடுங்கள், அதுவும் மூச்சைத் திணறடிக்கும். பாதித்த மீனைத் தனித் தொட்டியில் வைத்து, குடல் நோய்க்கு மெட்ரோனிடசோல், செவுள் புழுவுக்குப் பிராசிக்குவாண்டெல் என ஒன்றை மட்டும், குறிப்பிட்ட அளவில் கொடுங்கள். மெட்ரோனிடசோல் உணவில் கலந்து உள்ளே போனால்தான் நன்றாக வேலை செய்யும். ஆகவே மீன் கொஞ்சமாவது தின்னும்போதே அடையாளம் கண்டுவிடுவது முக்கியம். முற்றிலும் நிறுத்திய பிறகு தண்ணீரில் கலப்பதைத் தவிர வழியிருக்காது.