மயங்கி விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள்

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். விரதம், வெயில், சனநெரிசல், மணிக்கணக்கான நிற்பு. நிற்கும்போதே ஒருவர் சரிந்து விழுவார். உடனே நாலு பேர் ஓடிவந்து கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்துவார்கள், அல்லது கதிரை கொண்டுவந்து இருத்துவார்கள். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் அந்த நேரத்தில் செய்யக்கூடிய பெரிய பிழையும் அதுதான்.

நாம் எழுந்து நின்றதும் அரை லீட்டருக்கும் மேலான இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. இரத்தக் குழாய்கள் இறுகி, இதயம் சற்று வேகமாக அடித்து, பிரஷரைக் காப்பாற்றும். கால் தசைகளும் அசையும்போது இரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் அந்த உதவி இல்லை. வெயிலில் தோலின் குழாய்கள் விரிகின்றன, வியர்வையில் தண்ணீர் போகிறது. ஒரு கட்டத்தில் மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைக் குறைக்க, குழாய்களும் தளர்ந்து பிரஷர் சட்டென்று இறங்கிவிடும். இரத்தத்தைக் கண்டும் ஊசிக்குப் பயந்தும் சிலர் விழுவது இதே வழியில்தான்.

மூளைக்குப் போதிய இரத்தம் போகாவிட்டால் சில செக்கன்களில் நினைவு தப்பும். விழுந்து உடம்பு கிடையானதும் இரத்தம் திரும்பப் போகிறது. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்துக்குள் கண் திறந்துவிடுவார்கள். நிமிர்த்திப் பிடித்தால் அந்த வழியை நாமே அடைக்கிறோம். கை கால் வெட்டத் தொடங்கலாம். அதை வலிப்பென்று நினைத்து யாராவது திறப்புக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். இரும்பால் ஒரு பலனும் இல்லை. வலிப்பாகவே இருந்தாலும் இல்லை.

அப்படியே படுக்க விடுங்கள். காலை ஒரு முழம் உயர்த்துங்கள், இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள், சுற்றி நிற்பவர்களை விலக்குங்கள். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்புங்கள். கர்ப்பிணியென்றால் இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். நினைவு திரும்புமுன் சோடாவோ தண்ணீரோ வாயில் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கண் விழித்ததும் எழும்பவும் விடாதீர்கள், திரும்ப விழுவார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கிடக்கட்டும். அப்புறம் மெதுவாக இருத்தி, ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்துக் கொடுக்கலாம்.

காலைச் சாப்பாடில்லாமல் பள்ளிக்கூடக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். முகம் வெளிறும், கொட்டாவி வரும், மேலுதட்டில் வியர்வை அரும்பும், கண் இருட்டும். வெட்கத்தில் ஒன்றும் சொல்லாமல் வகுப்பறைப் பக்கம் நடக்கத் தொடங்கி, சீமெந்துப் படியில் போய்த் தலையடிபட விழுவார்கள். நின்ற இடத்திலேயே குந்தவோ படுக்கவோ வேண்டும் என்று ஆசிரியர்கள் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

எல்லா மயக்கத்தையும் வெயில் மயக்கம் என்று விடவும் முடியாது. ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ விழுந்தால், நெஞ்சு நொந்தால், படபடத்தால், வீட்டில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும். சீனி வருத்தக்காரர் குளிசை போட்டுவிட்டு விரதம் இருந்தால் சீனி இறங்கியிருக்கலாம். வயலில் விழுந்தவரென்றால் கை காலில் பாம்புக்கடி இருக்கிறதா என்றும் பாருங்கள். உடம்பு கொதித்து, பேச்சுத் தடுமாறினால் நனைத்து விசிறிக்கொண்டே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நினைவில்லாமல் மூச்சும் ஒழுங்காக இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, விழுந்ததைக் கண்ட ஒருவர் கட்டாயம் கூடப் போக வேண்டும். அங்கே போய்ச் சேரும்போது பிரஷர் பெரும்பாலும் சரியாகிவிட்டிருக்கும். எவ்வளவு நேரம் நினைவில்லை, முகம் வெளிறியதா நீலம் பாய்ந்ததா, நாக்கைக் கடித்தாரா என்பது டொக்டருக்கு அவர் சொன்னால்தான் தெரியும். கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் மறக்காமல் கொண்டுபோங்கள். பிரஷர் குளிசையை அண்மையில் கூட்டியிருந்தால் காரணம் அதிலேயே இருக்கலாம்.