லெவலுக்குப் பதிலாக ரேங்க் போடலாமா? பயோடேட்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், பயோடேட்டா டைப்பிங் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். மணலி, எண்ணூர் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிற பையன்கள்தான் வாடிக்கையில் பாதிப் பேர். போன மாதம் ஒரு வெல்டர் தம்பி வந்தான். அடித்துக் கொடுத்ததைப் படித்துவிட்டு, "அண்ணா, எல்லா வரியிலயும் லெவல் லெவல்னே வருது. வேற வார்த்தை போடுங்க, கெத்தா இருக்கும்" என்றான். செல்போனில் ஒரு பட்டியலே தேடி வைத்திருந்தான்: ரேங்க், ஸ்டேஜ், கிரேடு, டியர் (tier), எச்செலான் (echelon). ஒரே சொல் நாலு தடவை வருகிறதே என்ற கூச்சத்தில், பட்டியலில் கண்ணில் பட்டதைத் தூக்கிப் போடுவதுதான் முதல் தவறு.

இதில் நம் தமிழுக்கும் பங்கு உண்டு. எல்லாவற்றையும் 'நிலை' என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறோம். இரண்டாம் நிலைக் காவலர் என்றால் ஆங்கிலத்தில் கிரேடு 2 கான்ஸ்டபிள். டிஎன்பிஎஸ்சி முதல்நிலைத் தேர்வு என்றால் பிரிலிமினரி. முதுநிலைப் பட்டம் என்றால் போஸ்ட் கிராஜுவேட். மூன்றிலும் நிலை இருக்கிறது. ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று வழியில் போகின்றன. இது தெரியாமல் 'செகண்ட் ஸ்டேஜ் போலீஸ்' என்று எழுதிக்கொண்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் ஒரு படம் இருக்கிறது. லெவல் என்றால் கொத்தனாரின் ரசமட்டம். சின்னத் தராசைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் அதன் கேள்வி. புழல் ஏரியின் முழு உயரம் 21.20 அடி, தண்ணீர் அதில் எத்தனை அடி நிற்கிறதோ, அது லெவல். சுகர் லெவலும் அப்படித்தான். ரேங்க் என்பது சிப்பாய்கள் அணிவகுத்து நிற்கும் வரிசை. பக்கத்தில் இன்னொரு ஆள் இல்லாமல் ரேங்க் கிடையாது. ஸ்டேஜ் என்பது போகிற வழியில் நிற்கும் இடம். பஸ்ஸில் கண்டக்டர் எத்தனை ஸ்டேஜ் என்று எண்ணி டிக்கெட் கிழிக்கிறாரே, அதுவேதான். கிரேடு என்பது சோதித்துப் பார்த்துத் தரம் பிரிப்பது, காசிமேட்டில் இறாலைக் கூடை கூடையாகப் பிரிக்கிற மாதிரி.

இந்தப் படங்கள் குழம்பும்போது வேலை மட்டும் போவதில்லை, தூக்கமும் போகிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் நிறையப் பேர். 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று அச்சாகியிருக்கும்; வீட்டுக்குப் போன் போட்டு 'ஃபர்ஸ்ட் ஸ்டேஜாம்' என்று குரல் நடுங்கச் சொல்வார்கள். அந்த கிரேடு, ஸ்கேனில் ஈரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதை வைத்துக் கொழுப்பை மதிப்பிடுவது. கான்சர் ரிப்போர்ட்டில் ஸ்டேஜ், கிரேடு இரண்டுமே வரலாம். கட்டி எவ்வளவு பெரிசு, உடம்பில் எதுவரை பரவியிருக்கிறது என்பது ஸ்டேஜ். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது செல்கள் இயல்பான செல்லிலிருந்து எவ்வளவு மாறித் தெரிகின்றன என்பது கிரேடு. ஆகவே கிரேடு 3 என்று இருப்பவருக்கு ஸ்டேஜ் 1 ஆகவும் இருக்கலாம். தீக்காயத்துக்கு இரண்டும் இல்லை, டிகிரி. ரிப்போர்ட்டில் என்ன சொல் இருக்கிறதோ அதையே எழுத்து மாறாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, வெல்டர் தம்பிக்கு வருவோம். '6ஜி லெவல் வெல்டர்' என்று எழுதச் சொல்லியிருந்தான். அந்த ஜி என்பது கிரேடு என்று நினைத்துக்கொண்டிருந்தான். அது க்ரூவ், அதாவது பற்றவைக்கிற இடத்தில் வெட்டிவிடும் பள்ளம். முன்னால் உள்ள எண் பொசிஷன்: 1ஜி கிடையாக வைத்துப் பற்றவைப்பது, 4ஜி தலைக்கு மேலே, 6ஜி என்றால் 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்திய பைப். 6ஜி கஷ்டமான டெஸ்ட்தான், அதைப் பாஸ் பண்ணியவனுக்கு மதிப்பும் உண்டு. ஆனாலும் '6ஜி பொசிஷன்' என்றுதான் எழுத வேண்டும். ஆலையை நிறுத்திவைத்துப் பார்க்கும் ஷட்டவுன் வேலையில், பொருளை உடைக்காமல் வெல்டைச் சோதிக்கிற என்டிடி ஆட்களுக்கு லெவல் 1, 2, 3 என்று சர்டிஃபிகேட்டே இருக்கிறது. அங்கே லெவலை மாற்றினால்தான் தப்பு.

எண்ணைப் பார்த்தவுடன் ஏணி என்று நினைப்பது நம் பழக்கம். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே அளவு அபாயம். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகப் போகும், அல்லது நேராக மேலேயே வருமா என்பதில்தான் வித்தியாசம். 8, 9, 10 ஆகியவை பெரிய அபாயம், அவற்றுக்குள்ளும் இதே கணக்கு. 11-ஆம் எண் 10-ஐ விடப் பெரிய புயல் கிடையாது. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோய்விட்டது என்று அர்த்தம். கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கே இது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

ரேங்க் விஷயத்தில் இரண்டு மட்டும் சொல்கிறேன். மெர்ச்சன்ட் நேவிக்கு விண்ணப்பித்தால் குக் வேலைக்குக்கூட ரேங்க் என்ற கட்டம் இருக்கும். போலீஸ், ராணுவத்துக்கும் அதுதான். கம்பெனி வேலைக்கு டெசிக்னேஷன் என்றோ பொசிஷன் என்றோ போடுங்கள். அப்புறம் 'ஐ காட் ஃபர்ஸ்ட் ரேங்க்' நம் ஊர் ஸ்கூலோடு சரி. வெளியூர்க்காரருக்கு 'கேம் ஃபர்ஸ்ட் இன் கிளாஸ்' என்றால் உடனே புரியும்.

ஸ்டேஜும் ஃபேஸும் (phase) பல இடங்களில் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆனால் பெயராகிவிட்டால் தொடக் கூடாது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் மூன்று 210 மெகாவாட் யூனிட்கள் ஸ்டேஜ் 1, இரண்டு 600 மெகாவாட் யூனிட்கள் ஸ்டேஜ் 2, 800 மெகாவாட் யூனிட் ஸ்டேஜ் 3. மெட்ரோவிலோ மாதவரத்துப் பாதை ஃபேஸ் 2. அனுபவத்தைச் சரிபார்க்கிறவர்கள் இந்தப் பெயரை வைத்துத்தான் தேடுவார்கள். வாக்கியத்தில் வரும்போது 'அட் திஸ் ஸ்டேஜ்', ஆனால் 'இன் திஸ் ஃபேஸ்'. டியர் என்றால் நமக்கு ரயில் பெர்த் அடுக்கு, அதோடு விட்டுவிடலாம். ஓர் அமைப்பின் படிநிலையைச் சொல்லும் எச்செலானைத் தொடவே வேண்டாம்; ஒரு ஃபிட்டரின் பயோடேட்டாவில் அது கல்யாண வீட்டு ஷெர்வாணி மாதிரி இருக்கும்.

தம்பியின் நாலு லெவலில் 'இங்கிலீஷ் லெவல்' தப்பித்தது. அவனிடமும் ஒரு என்டிடி சர்டிஃபிகேட் இருந்தது, அதன் லெவல் 2-ம் தப்பித்தது. 6ஜி பொசிஷன் ஆனது. 'சூப்பர்வைசர் லெவலில் வேலை பார்த்தேன்' என்பதைக் கிண்டியபோது, சூப்பர்வைசர் லீவு போட்ட மூன்று வாரம் இவன் பார்த்துக்கொண்டான் என்று தெரிந்தது. அதை அப்படியே எழுதினோம். "கெத்து கொஞ்சம் கம்மியாதான் இருக்குண்ணா" என்று முனகிக்கொண்டே நாலு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனான்.