முகமறியாதவரிடம் கொடுக்கல் வாங்கல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் கைமாற்று, சிட்டி எனப்படும் சீட்டு, நகைக்கடன், வாரத் தவணைக் குழுக்கடன் எல்லாம் ஒரே வீட்டில் ஒன்றாக ஓடிக்கொண்டிருப்பது புதிதல்ல. இவற்றோடு இப்போது செயலி வழியாகத் தனிநபர் தனிநபருக்கே கடன் கொடுக்கும் முறையும் சேர்ந்திருக்கிறது.

கொடுப்பவர் செய்யும் பெரிய தவறு, இதை வைப்புநிதி என்று எண்ணுவதுதான். திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள அரசு நிறுவனத்தில் சிட்டி போட்டுப் பழகியவர்களுக்கு, பணத்துக்குப் பின்னால் யாரோ ஒருவர் நிற்பார் என்ற நம்பிக்கை எளிதில் வந்துவிடுகிறது. இங்கே அப்படி யாரும் இல்லை. 2017 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறைகளின்படி செயலி நிறுவனம் வெறும் இடைத்தரகர். வாங்கியவர் கட்டாவிட்டால் நட்டம் முழுதும் கொடுத்தவருடையது. உறுதியான வருமானம் தரும் முதலீடு என்று இதை விளம்பரம் செய்யக் கூடாது என 2024 ஆகஸ்டில் மேலும் கறாராகச் சொல்லப்பட்டது. ஆகவே "வட்டிக்கு நான் பொறுப்பு" என்று எவரேனும் வாக்களித்தால் அங்கேயே விலகிக்கொள்வது நல்லது. பணத்தை முகவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்புவதும் கூடாது. அது அறங்காவலர் (டிரஸ்டி) மேற்பார்வையிலுள்ள தனி வங்கிக் கணக்கு வழியாகவே போக வேண்டும்.

வட்டி விகிதத்தை அப்படியே லாபமாகக் கணக்கிடுவது அடுத்த தவறு. ஒரு லட்சத்தை 18 சதவீத ஆண்டு வட்டிக்கு, நபருக்கு 1,000 வீதம் 100 பேருக்குக் கொடுத்து, ஆண்டு முடிவில் 10 பேர் அசலையும் வட்டியையும் தராமல் போனால், கைக்கு வருவது 1,06,200 ரூபாய். கட்டணமும் வருமான வரியும் இன்னும் கழியவில்லை. ஒருவருக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது விதிக்கப்பட்ட உச்சவரம்பு; அவ்வளவையும் ஒரே ஆளிடம் கொடுக்கச் சொல்லும் அறிவுரை அல்ல.

வாங்குபவர் பக்கம் ஏமாற்றம் பெரும்பாலும் கணக்கில்தான் ஒளிந்திருக்கிறது. நூற்றுக்கு மூன்று வட்டி என்று ஊரில் சாதாரணமாகச் சொல்வது ஆண்டுக்கு 36 சதவீதம். அதைவிடச் செயலியில் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்பது மலிவுதான். ஆனால் அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிறதா என்று கேட்க வேண்டும். 50,000 ரூபாய்க்கு முழு அசலின் மேலேயே அந்த 12 சதவீதத்தில் ஓராண்டு வட்டி போட்டு, மாதம் சுமார் 4,667 ரூபாய் கட்டச் சொன்னால், உண்மையான விகிதம் 21 சதவீதத்தைத் தாண்டுகிறது.

தவணை நாளைப் பலர் பொருட்படுத்துவதில்லை. தென்னை விவசாயிக்குக் காய் வெட்டு ஏறத்தாழ 45 நாளுக்கு ஒருமுறை வரும், தவணையோ மாதந்தோறும் வரும். இடையில் விழும் துண்டை அடைக்க இன்னொரு செயலியில் வாங்கும் கடன்தான் பெரும்பாலான குடும்பங்களைச் சுழலில் இழுக்கிறது. தவணையை வைத்துக் கடன் அளவைத் தீர்மானிக்காமல், வெட்டு இல்லாத மாதத்தில் கையில் நிற்கும் தொகையை வைத்துத் தீர்மானிக்க வேண்டும்.

கடனை அடைக்கும்போது வாசலில் வந்து சத்தம் போடுபவருக்கே முதலில் கொடுக்கிறோம். அவருடைய வட்டிதான் அதிகம் என்பதில்லை. கைமாற்று, கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பார்க்கும் எந்தக் கடன் அறிக்கையிலும் வராது என்பதால், உறவினரிடம் வாங்கியது உட்பட எல்லாவற்றையும் வட்டியோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, ஏலத்துக்குப் போகும் நிலையிலுள்ள நகையை முதலில் காப்பாற்றி, பிறகு வட்டி கூடிய கடனிலிருந்து அடைத்து வருவதே என் பார்வையில் சரியான வரிசை.

தவணை தவறும் என்று தெரிந்தவுடன் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்து அவகாசம் கேட்க வேண்டும். அழைப்புக்குப் பயந்து சிம்மை மாற்றினால் பாக்கி கடன் அறிக்கையில் ஏறுவது நிற்காது. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைப்பதும், கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களை எடுத்து உறவினர்களிடம் அவமானப்படுத்துவதும் ரிசர்வ் வங்கி விதிகளுக்கு எதிரானவை. அந்த அழைப்புகளின் பதிவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.