கிளைக்கதைத் தொகுப்பை எங்கே தொடங்கி வாசிப்பது?

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் சடங்கு நடக்கும்போது, வனவாச நாளுக்கு மட்டும் போய் நின்று பாருங்கள். பாரதம் தெரிந்தவருக்கு அன்றைக்கு நெஞ்சு கனக்கும். தெரியாதவருக்குத் தெருவால் ஒரு கூட்டம் போகும், அவ்வளவுதான். பெரிய நாவல் வரிசைகளோடு ஒட்டி வருகிற சிறுகதைத் தொகுப்புகளும் இந்த மாதிரித்தான்.

எனக்கு இது பட்டுத்தான் விளங்கியது. நவோமி நோவிக்கின் ‘டெமரெயர்’ வரிசையில் 9 நாவல்கள், 2006 முதல் 2016 வரை வந்தவை. நெப்போலியன் காலத்துப் போரில் டிராகன்களும் படையில் சேர்ந்து பறந்திருந்தால் என்ற கற்பனை. 2017இல் ‘கோல்டன் ஏஜ் அண்ட் அதர் ஸ்டோரீஸ்’ என்று ஒரு சிறுகதைத் தொகுப்பும் வந்தது. மெல்லிய புத்தகம்தானே என்று நான் முதலில் எடுத்தது அதை. முதல் நாவலில், ஆங்கிலேயக் கப்பல் தலைவன் லோரன்ஸ் ஒரு பிரெஞ்சுக் கப்பலைப் பிடிக்க, அதற்குள் டிராகன் முட்டை இருக்கிறது. அதிலிருந்து வருகிற டிராகன்தான் டெமரெயர். கதையே அங்கேதான் பிறக்கிறது. தொகுப்பின் தலைப்புக் கதையோ ‘லோரன்ஸும் டெமரெயரும் வேறு விதமாகச் சந்தித்திருந்தால்?’ என்று கேட்கிற கதை. அதை வாசித்துவிட்டு நாவலுக்குப் போனவன், “இவங்கள் ரெண்டு பேருக்கும் முதலே பழக்கம்தானே?” என்று ஐம்பது பக்கம் முழித்தேன்.

ஆகவே முதல் வேலை, கையில் இருக்கிற தொகுப்பு கடப்பா, பின்வளவா என்று பார்ப்பது. கடப்பு என்றால் அதனூடாகத்தான் வீட்டுக்குள் போகவேண்டும். பின்வளவு என்றால் வீட்டைச் சுற்றிப் பார்த்த பிறகு போகிற இடம். அட்டையை நம்பவேண்டாம், எல்லா அட்டையும் ‘புதிய வாசகருக்கும் உகந்தது’ என்றுதான் சொல்லும். பதிப்புரிமைப் பக்கத்தைத் திருப்பி ஆண்டைப் பாருங்கள். தொகுப்பு முதல் நாவலுக்கு முந்தியதென்றால் பெரும்பாலும் கடப்பு. வரிசை முடிந்த பிறகு வந்ததென்றால் பின்வளவு.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். ஆண்டும் சில நேரம் ஏமாற்றும். போலந்து எழுத்தாளர் சப்கொவ்ஸ்கியின் ‘விச்சர்’ வரிசையில் முதல் நாவல் 1994இல் வந்தது. இரண்டு தொகுப்புகள் அதற்கு முந்தியவை, அவற்றை வாசிக்காமல் நாவலுக்குள் போனால் அதில் வருகிற சிறுமி யார், அவளுக்கும் கதாநாயகனுக்கும் என்ன உறவு என்று பிடிபடாது. சரி, எந்தத் தொகுப்பு முதலில்? ‘ஸ்வோர்ட் ஒஃப் டெஸ்டினி’ 1992, ‘த லாஸ்ட் விஷ்’ 1993. ஆனாலும் ‘த லாஸ்ட் விஷ்’தான் முதலில். அதில் இருக்கிற கதைகள் பல 1993க்கு முன்பே வெளியானவை, 1986இல் ஒரு சஞ்சிகையில் வந்த முதல் கதை உட்பட. ஆகவே புத்தகத்தின் ஆண்டோடு நிற்காமல், கதை ஒவ்வொன்றும் எப்போது வந்தது என்றும் பாருங்கள்.

அடுத்தது ஒரு கொப்பி. போனில் குறிப்பு எடுக்கிறவர் எடுக்கலாம், எனக்கு அது சரிவரவில்லை. ஒரு பக்கத்தில் மூன்று நிரை: உண்மை வரலாறு, ஆசிரியர் மாற்றியது, எந்த நாவலோடு தொடுப்பு. உதாரணமாக, நெல்சன் பிரபு 1805 ஒக்டோபர் 21இல் டிரஃபல்கர் கடற்போரில் இறந்தவர். இது முதல் நிரை. டெமரெயர் உலகத்தில் அவருக்கு என்ன ஆகிறது என்று நான் சொல்லமாட்டேன், இரண்டாம் நிரையை வாசிக்கும்போது நீங்களே நிரப்புங்கள். இந்த வகைக் கதையின் ருசியே அந்த இரண்டு நிரைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான். முதல் நிரை வெறுமையாகக் கிடந்தால் ருசி பாதி போய்விடும்.

ஐரோப்பிய வரலாறு நமக்கு எட்டாத தூரம் என்று நினைக்கவும் வேண்டாம். 1795இல் பிரெஞ்சுப் படை ஒல்லாந்தைப் பிடிக்க, அதைச் சாட்டாக வைத்து ஆங்கிலேயர் இலங்கையின் ஒல்லாந்தர் கோட்டைகளுக்கு வந்தார்கள். அதே ஆண்டில் மட்டக்களப்புக் கோட்டையும் கைமாறியது. வாவிக்கரையில் நின்று அந்த மதிலைப் பார்த்துவிட்டு வந்து வாசித்தால், பிரான்சோடு நடந்த சண்டை அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

புத்தகத்துக்கு முதலில் பொது நூலகத்தில் ஆங்கிலப் புனைகதை அலுமாரியைத் தேடுங்கள். இல்லாவிட்டால் மின்னூலின் இலவச மாதிரிப் பக்கங்களை இறக்கிப் பாருங்கள்.

இனி, தொகுப்புக்குள் எந்த ஒழுங்கில் போவது. அச்சிட்ட ஒழுங்கைப் பின்பற்றவேண்டும் என்று கட்டாயமில்லை. டெமரெயர் தொகுப்பில் நாவல் ஒன்றும் வாசிக்காதவர்கூடத் தொடக்கூடிய கதை ‘விசி’. மார்க் அந்தோனியின் இளமைக் காலம், உரோமாபுரி. செய்த குற்றத்துக்குத் தண்டனையாக அவனை டிராகன் கொல்ல அனுப்புகிறார்கள். போன இடத்தில் ஒரு முட்டை கிடைக்க, அதிலிருந்து வந்த குஞ்சு அவனோடு ஒட்டிக்கொள்கிறது. நெப்போலியனுக்கு ஆயிரத்து எண்ணூறு ஆண்டுக்கு முந்திய கதை என்பதால் நாவலின் திருப்பம் எதுவும் கசியாது. ஆசிரியரின் நடை உங்களுக்கு ஒத்துவருமா என்று அறியவும் இதுவே போதும்.

அதற்குப் பிறகு தொகுப்பை மூடிவைத்துவிட்டு நாவலுக்குப் போங்கள். குறைந்தது முதல் மூன்று நாவல்.

நூறே சொற்களில் எழுதிய குறுங்கதைகளும் தொகுப்பில் இருக்கின்றன. ஒன்று வாசிக்கத் தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட ஆகாது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வாசிக்கிறவர்களுக்கு நல்ல பயிற்சிதான், ஆனால் பின்னால் வருகிற சங்கதிகளையும் அவை தொடும், அதனால் கடைசிக்கு வையுங்கள். ஜேன் ஒஸ்டின் எழுதி 1813இல் வெளிவந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் எலிசபெத்தை டிராகன் படைத் தலைவியாக ஆக்கிய கதைக்கும் அவசரப்படவேண்டாம். மூல நாவல் தெரியாமல் வாசித்தால் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிப்பு வராது.

கல்முனையில் என் மருமகனுக்கு இதையெல்லாம் சொல்லித்தான் கொடுத்தேன். “சரி மாமா” என்று வாங்கிக்கொண்டு போனவன் அன்றிரவே கேட்கிறான்: “மாமா, அந்தக் கடைசிக் கதையை மட்டும் ஒருக்கா வாசிச்சா என்ன?” கொப்பியில் முதல் நிரையை நிரப்பிக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.