தினம் ஒரு படம், வன்னியில இருந்து

ஒவ்வொரு நாளும் ஒரு படம் போடோணும் எண்டா பெரிய கமரா ஒண்டும் தேவையில்ல, கையில கிடக்கிற போன் காணும், முதல் வேலையா லென்ஸைத் துடையுங்கோ, எங்கட செம்மண் புழுதிக்கு அரைவாசிப் படம் மங்கலாகிறது அதாலதான்.

வெளிச்சம்தான் எல்லாம். காலமை ஆறரையில இருந்து ஏழரைக்குள்ள இரணைமடுக் குளக்கட்டில நிண்டு பாருங்கோ, தண்ணி, கொக்கு, தூரத்தில வலை இழுக்கிற தோணி, ஆனா மூண்டையும் ஒரே படத்துக்க அடைக்காதேங்கோ, ஒண்டைப் பிடியுங்கோ. போன் கமரா செட்டிங்கில கிரிட் கோடுகளை (திரையை ஒன்பது கட்டமாப் பிரிக்கிற கோடுகள்) போட்டு வானமும் தண்ணியும் சந்திக்கிற இடத்தை நடுவில விடாம மேல் கோட்டிலயோ கீழ் கோட்டிலயோ வையுங்கோ. முல்லைத்தீவுக் கடற்கரை கிழக்கு பாத்தது, அங்க சூரியன் கடலுக்குள்ளால எழும்பும், பின்னேரம் போய்ச் சூரியன் கடலுக்க விழும் எண்டு காத்து நிக்காதேங்கோ (நான் நிண்டனான்).

சாப்பாட்டுக்கு ஃப்ளாஷ் வேண்டாம். புட்டும் சம்பலும் யன்னல் பக்கம், ஆவி பறக்கேக்க, வெளிச்சம் பக்கவாட்டில வரோணும். கூழ் எண்டா நேர மேல இருந்து எடுங்கோ, நண்டுக்கால் தெரியோணும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணித்தியாலத்தில போயிடும், ஒரிஜினலை அழிக்காதேங்கோ. ஆமிக் காம்ப் பக்கம் போனைத் தூக்காதேங்கோ. மழை நாளில படம் இல்லையோ, தாழ்வாரத்தில ஒழுகிற தண்ணியை எடுங்கோ.