மாண்ட்கோமரி: ஆற்றங்கரையிலிருந்து சட்டமன்றப் படிகள் வரை நடந்து பார்க்கும் முறை

அலபாமா மாநிலத்தின் தலைநகரான மாண்ட்கோமரிக்கு அட்லாண்டாவிலிருந்து காரில் வர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும். மாநில எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடுவதால், விடியற்காலையில் கிளம்பினால் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே நகரில் கால் வைத்துவிடலாம். திரும்பும்போது அந்த ஒரு மணி நேரத்தை இழக்க வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். காட்சியகங்கள் பலவும் வாரத்தின் எல்லா நாட்களிலும் திறந்திருப்பதில்லை. ஆகவே கிளம்புவதற்கு முன் ஒவ்வொன்றின் நேரத்தையும் தனித்தனியே சரிபார்த்துக்கொள்வது அவசியம். ஜூன் முதல் செப்டம்பர் வரையான மாதங்களைத் தவிர்த்துவிட்டால் நடை இன்னும் சுலபமாக இருக்கும்.

பெரும்பாலானோர் சட்டமன்றக் கட்டடத்தில் தொடங்கிக் கீழே இறங்கி வருகிறார்கள். அது கால்களுக்கு எளிது. ஆனால் வரலாறு நடந்த திசை அதற்கு நேர் எதிரானது. எனவே அலபாமா ஆற்றங்கரையில் தொடங்கி, காமர்ஸ் தெரு வழியாக நீரூற்றுச் சதுக்கத்தை அடைந்து, அங்கிருந்து டெக்ஸ்டர் அவென்யூவில் மேடேறிச் செல்வதையே நான் பரிந்துரைப்பேன். படகிலும் ரயிலிலும் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டு இதே காமர்ஸ் தெருவில்தான் சந்தைக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். உள்நாட்டுப் போருக்குச் சற்று முன், 1860-இல், மாண்ட்கோமரி கவுன்ட்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அடிமைகளாக இருந்தார்கள். தெருவோரத்து வரலாற்றுப் பலகைகளை நின்று படியுங்கள். இருபுறமும் எழுதியிருக்கும் என்பதால் சுற்றிப் போய்ப் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாட்டுப்புற இசைப் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸின் சிலையும் இதே தெருவில் இருக்கிறது. இசையில் ஆர்வம் உள்ளவர்கள் அங்கே சற்று நிற்கலாம்.

நீரூற்றுச் சதுக்கத்தில் அவசரப்படக் கூடாது. நடுவில் இருக்கும் நீரூற்று 1885-இல் வைக்கப்பட்டது. அதற்கு முன் இந்தச் சதுக்கத்தில்தான் மனிதர்கள் ஏலம் விடப்பட்டார்கள். அருகிலுள்ள விண்டர் கட்டடத்திலிருந்துதான் 1861 ஏப்ரலில், சம்டர் கோட்டையைத் தாக்க அனுமதித்து உள்நாட்டுப் போரைத் தொடங்கிவைத்த தந்தி அனுப்பப்பட்டது. அந்தத் தந்தி போன இடத்துக்கும், இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1 அன்று மாலை வேலை முடிந்து பேருந்து ஏறிய இடத்துக்கும் சில எட்டுகள்தான் தூரம். அவருடைய சிலை 2019-இல் சதுக்கத்தில் நிறுவப்பட்டது. சிலையைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாமல், பக்கத்தில் இருக்கும் நான்கு கருங்கல் குறிகளையும் பாருங்கள். ஆரேலியா பிரௌடர், கிளாடெட் கால்வின், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித் என்னும் நான்கு பெண்களுக்கானவை அவை. பேருந்து நிறப்பாகுபாட்டைச் சட்டப்படி வீழ்த்தியது இவர்கள் தொடுத்த வழக்கே. அவர்களில் கால்வின், ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே, பதினைந்து வயதில், எழ மறுத்துக் கைதானவர்.

சதுக்கத்திலிருந்து மாண்ட்கோமரி தெருவில் மேற்கே நடந்தால் ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகம் வரும். அவர் கைதான இடத்திலேயே அது கட்டப்பட்டிருக்கிறது. ஏறிய நிறுத்தத்துக்கும் கைதான இடத்துக்கும் இடையே உள்ள தூரத்தைச் சில நிமிடங்களில் நடந்து முடித்துவிடலாம்; அந்தத் தூரத்தை நடந்தே கடந்து பாருங்கள் என்பதுதான் இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. அவர் வெள்ளையருக்கான இருக்கையில் போய் அமர்ந்தார் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. கறுப்பினத்தவருக்கு விடப்பட்ட பகுதியின் முதல் வரிசையில்தான் அவர் அமர்ந்திருந்தார். ஒரே ஒரு வெள்ளையர் உட்கார வேண்டும் என்பதற்காக அந்த வரிசையில் இருந்த நான்கு பேரையும் எழச் சொன்னார் ஓட்டுநர். மற்ற மூவரும் எழுந்தார்கள்.

அருங்காட்சியகத்திலிருந்து சதுக்கத்துக்குத் திரும்பி, தெற்கு கோர்ட் தெருவில் சற்று இறங்கினால் பழைய கிரேஹவுண்ட் பேருந்து நிலையம் வரும். 1961 மே 20 அன்று, பேருந்துப் பயணத்தில் நிறப்பாகுபாட்டை எதிர்த்து வந்திறங்கிய 'விடுதலைப் பயணிகளை' வெறிக்கும்பல் ஒன்று இங்கே அடித்து நொறுக்கியது. பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸும் அடிபட்டவர்களில் ஒருவர். நிலையம் இப்போது சிறிய அருங்காட்சியகமாக இருக்கிறது. அரை மணி நேரம் போதும்.

இனி டெக்ஸ்டர் அவென்யூ. நீரூற்றிலிருந்து சட்டமன்றம் வரை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவே என்றாலும் ஏற்றம் மெல்லக் கூடிக்கொண்டே போகும். வலப்புறம், சட்டமன்றத்துக்குச் சற்று முன்பாக, செங்கல்லால் கட்டிய ஒரு சிறிய தேவாலயம் நிற்கிறது. மார்ட்டின் லூதர் கிங் 1954 முதல் 1960 வரை போதகராக இருந்தது இங்கேதான். 1959-இல் அவர் ஐந்து வாரம் இந்தியாவில் பயணம் செய்ததும் இந்தச் சபையின் போதகராக இருந்த காலத்திலேயே. பார்வையாளர் நேரத்தில் போனால் உள்ளே அழைத்துச் சென்று காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது வழிபாட்டு இடம். அன்று போவதானால் வழிபாட்டில் கலந்துகொள்ளப் போகலாமே தவிர, கேமராவுடன் வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது. தேவாலயத்துக்கு அருகே சாலையைக் கடக்கும் கோடுகளில் காலணித் தடங்கள் வரையப்பட்டிருக்கும். வாக்குரிமை கேட்டுச் செல்மா நகரிலிருந்து 54 மைல் நடந்து, 1965 மார்ச் 25 அன்று இங்கே வந்து சேர்ந்தவர்களின் நினைவுக்காக அவை வரையப்பட்டன.

அன்று ஏறத்தாழ 25,000 பேர் திரண்டிருந்த இடம் சட்டமன்றத்தின் அடிவாரம். மேலே, முகப்பு வாயிலருகே, ஒரு பித்தளை நட்சத்திரம் பதிக்கப்பட்டிருக்கிறது. அடிமைமுறையைக் காக்க அமெரிக்காவிலிருந்து பிரிந்த தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவராக ஜெஃபர்சன் டேவிஸ் 1861-இல் பதவியேற்ற இடம் அது. நிறப்பிரிவினை என்றென்றும் நீடிக்கும் என்று ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் 1963-இல் முழங்கியதும் அதே முகப்பிலிருந்துதான். கிங்குக்கு அந்தப் படிகள் மறுக்கப்பட்டதால், அவர் கீழே தெருவில் நிறுத்தியிருந்த ஒரு வண்டியின் மேலிருந்தே பேசினார். நட்சத்திரத்தின் அருகே நின்று கீழே பார்த்தால் தேவாலயம் கண்ணில் படும். எதிரெதிரான இரண்டு வரலாறுகளும் எவ்வளவு நெருக்கத்தில் வாழ்ந்தன என்பது அங்கே நிற்கும்போது தெளிவாகும்.

தேவாலயத்துக்குப் பின்புறத் தெருவில், வாஷிங்டன் அவென்யூவில், கட்டடக் கலைஞர் மாயா லின் வடிவமைத்து 1989-இல் திறக்கப்பட்ட கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்ட நினைவிடம் உள்ளது. வட்டமான கருங்கல் மேடையில் 1954 முதல் 1968 வரை உயிரிழந்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்க, அவற்றின் மேல் மெல்லிய படலமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கையை வைத்துப் பெயர்களைத் தொடலாம். வெயிலில் நடந்து வந்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சியும் வேண்டியதாகவே இருக்கும்.

அங்கிருந்து தெற்கு ஜாக்சன் தெருவுக்குக் கால் மணி நேரம் நடந்தால், கிங் குடும்பம் வாழ்ந்த போதகர் இல்லம். 1956 ஜனவரி 30 இரவு அவர் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது இந்த வீட்டின் முகப்பில் குண்டு வீசப்பட்டது. மனைவி கொரெட்டாவும், பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத குழந்தையும் உள்ளே இருந்தார்கள். இருவருக்கும் காயமில்லை. வீட்டுக்குள் சமையலறையை விட்டுவிடாதீர்கள். மிரட்டல் தொலைபேசி ஒன்றுக்குப் பிறகு தூக்கமின்றி எழுந்த கிங் அமர்ந்து பிரார்த்தித்த மேசை அங்கேதான் இருந்தது.

மதிய உணவுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் ஓர் இறைச்சியும் மூன்று தொடுகறிகளும் கொண்ட தட்டு வழக்கம். தொடுகறியில் கீரை என்று எழுதியிருந்தாலும் அது பன்றி இறைச்சியோடு வெந்திருக்க வாய்ப்பு அதிகம். சைவ உணவுக்காரர்கள் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். தேநீர் என்று மட்டும் சொன்னால் சர்க்கரை நிறையக் கரைத்த குளிர்தேநீர் வரும். இந்த ஊரில் சமையலும் போராட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. ரோசா பார்க்ஸ் கைதானதையடுத்துக் கறுப்பினத்தவர் 381 நாள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பின்போது, ஜார்ஜியா கில்மோர் என்பவர் மற்ற பெண்களோடு சேர்ந்து உணவும் பலகாரமும் செய்து விற்று, மாற்று வண்டிகளுக்குப் பணம் சேர்த்தார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "எங்கிருந்தும் வரவில்லை" என்று சொல்லும்படி, அந்தக் குழுவுக்கே 'எங்குமில்லாத சங்கம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அடிமைமுறையின் வரலாற்றைச் சொல்லும் லெகசி அருங்காட்சியகத்தையும், சட்டத்துக்குப் புறம்பாகக் கும்பல்களால் கொல்லப்பட்டவர்களுக்காக 2018-இல் குன்றின் மேல் திறக்கப்பட்ட நினைவிடத்தையும் இதே நாளில் திணிக்காமல், மறுநாளுக்கு ஒதுக்குங்கள். இரண்டுக்கும் இடையே பேருந்து ஓடுகிறது. அருங்காட்சியகத்துக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. நினைவிடத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட துருநிற இரும்புத் தூண்கள், கவுன்ட்டிக்கு ஒன்றாக, பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. தொடக்கத்தில் கண்ணுக்கு நேராக இருக்கும் தூண்கள், தரை சரியச் சரியத் தலைக்கு மேல் தொங்கத் தொடங்கும். வெளியே வந்ததும் அதே தூண்களின் இரட்டைகள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். அந்தந்தக் கவுன்ட்டி வந்து எடுத்துப்போய்த் தன் ஊரில் நிறுவ வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டவை அவை. அமெரிக்காவின் தென்பகுதியில் வசிப்பவராக இருந்தால் உங்கள் கவுன்ட்டியின் பெயரைத் தேடுங்கள். கிடைத்தால், அதில் உள்ள தேதிகளைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.